சலித்த மாவும் கப்பியும்: பதிவான ஈ.சி.ஜி.யை வடிகட்டத் தொடங்குபவர்களுக்கு

ஈ.சி.ஜி. கோப்பு ஒன்று கைக்கு வந்ததும் புதியவர்கள் அநேகமாக ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். எங்கோ கிடைத்த நாலு வரி நிரலை ஒட்டி, 0.5 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை என்று ஒரு வடிகட்டியைப் போட்டு ஓட்டிவிடுகிறார்கள். மேலும் கீழும் அலைந்த கோடு நேராகிறது, முடி முடியாக நின்ற இரைச்சல் மழுங்குகிறது, படம் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல ஆகிவிடுகிறது. அதோடு திருப்தி. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

மாவு சலிக்கிறவர்கள் கீழே விழுந்த மாவை மட்டும் பார்ப்பதில்லை. சல்லடையில் தங்கிய கப்பியையும் விரலால் கிளறிப் பார்ப்பார்கள்; நல்ல மாவும் அதோடு தங்கிவிட்டதா என்று தெரிய வேண்டுமே. சிக்னல் வேலையிலும் அதே பழக்கம் வேண்டும். மூலப் பதிவிலிருந்து வடிகட்டிய பதிவைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் கப்பி. அதைத் தனியாக வரைந்து பாருங்கள். அது வெறும் இரைச்சலாகத் தெரிந்தால் நல்லது. ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் நேராக ஒரு சின்ன முள் தெரிந்தால், இரைச்சலோடு சேர்த்து இதயத்தையும் கொஞ்சம் வெட்டி எறிந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

கீழே சொல்வது ஈ.சி.ஜி.யை வைத்து. மூளை அலை, தசை மின்னலை, விரல் நுனி நாடித்துடிப்பு ஆகியவற்றுக்கும் வழிமுறை இதேதான், எண்கள்தான் மாறும். கடைசிக்குச் சற்று முன்னால் அவற்றைத் தொட்டுச் செல்கிறேன்.

தரவை எடுங்கள், எண்ணைச் சரிபாருங்கள்

பழக எம்.ஐ.டி.–பி.ஐ.எச். என்ற ஈ.சி.ஜி. தரவுத்தொகுப்பைப் போல நல்லது வேறில்லை. பாஸ்டனின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் 1975 முதல் 1979 வரை எடுத்த பதிவுகளிலிருந்து தொகுக்கப்பட்டு, 1980-இல் வெளியானது. 47 பேரிடமிருந்து 48 பதிவுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். ஃபிசியோநெட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பைத்தானில் இதைப் படிக்க டபிள்யூ.எஃப்.டி.பி. என்ற நூலகம் இருக்கிறது. வடிகட்ட சைபை என்ற கணித நூலகம் போதும்.

100 என்ற எண்ணுள்ள பதிவைத் திறங்கள். முதல் மாதிரியின் (ஒரு கணத்தில் எடுத்த ஓர் அளவீட்டின்) மூல எண் 995. இது மில்லிவோல்ட் இல்லை, கருவி எழுதிய அளவுப் படிகளின் எண். பூஜ்யத்தைக் குறிக்கும் 1024-ஐக் கழித்து, ஒரு மில்லிவோல்ட்டுக்கான படிகளான 200-ஆல் வகுக்க வேண்டும்: மைனஸ் 0.145 மில்லிவோல்ட். நூலகமே இதைச் செய்து கொடுத்துவிடும் என்றாலும் ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். பிறகு மாதிரிகளை எண்ணுங்கள். மொத்தம் 6,50,000. விநாடிக்கு 360 மாதிரி என்பதால் 1805.6 விநாடி, அதாவது 30 நிமிடமும் சில விநாடிகளும். கணக்கு ஒத்துவருகிறது.

இந்த எண்ணும் வேலையை நான் ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், ஒருமுறை சுட்டுக்கொண்டவன். ஏ.டி.8232 என்ற ஈ.சி.ஜி. சில்லு ஒன்றை ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையோடு இணைத்து வீட்டில் என் ஈ.சி.ஜி.யை நானே பதிவு செய்தேன். நிரலில் விநாடிக்கு 250 மாதிரி என்று நினைத்துத்தான் எழுதியிருந்தேன். ஒவ்வொரு மாதிரிக்கும் நடுவே 4 மில்லி விநாடி காத்திருக்கச் சொன்னால் 250 வந்துவிடும் என்று நம்பினேன். மாதிரியைப் படிப்பதற்கும் அதைக் கம்பி வழியே அனுப்புவதற்கும் ஆகும் நேரத்தை மறந்துவிட்டேன். 50 ஹெர்ட்ஸில் நாட்ச் (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் வடிகட்டி) போடுகிறேன், கரண்ட் இரைச்சல் துளிகூடக் குறையவில்லை. அரை நாள் வடிகட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் கோப்பில் எத்தனை மாதிரி இருக்கிறது என்று பார்த்தால், 10 நிமிடத்துக்கு 1,38,000. விநாடிக்கு 230! வடிகட்டிக்கு ஹெர்ட்ஸ் தெரியாது. மாதிரி வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கில் வெட்டு என்றுதான் அதற்குப் புரியும். ஆகவே அது உண்மையில் 46 ஹெர்ட்ஸை வெட்டிக்கொண்டிருந்தது. 50 அப்படியே தப்பித்துவிட்டது. நிமிடத்துக்கு 72 துடிக்கிற இதயம் 78 என்று காட்டியதும் இதே கோளாறால்தான்.

எனவே முதல் படி: மாதிரி எண்ணிக்கையைக் கடிகார நேரத்தால் வகுத்துப் பாருங்கள். சொந்தப் பதிவு என்றால் ஒவ்வொரு மாதிரியோடும் நேரத்தையும் எழுதிவையுங்கள். இடைவெளி சீராக இல்லையென்றால் சீரான இடைவெளிக்கு மாற்றிய பிறகே வடிகட்டியைத் தொட வேண்டும்.

வெட்டுவதற்கு முன் பாருங்கள்

பத்து விநாடிப் பகுதி ஒன்றை வரையுங்கள். அடுத்து, அதிர்வெண் வாரியாக ஆற்றல் எப்படிப் பரவியிருக்கிறது என்று வரையுங்கள். சைபையில் இதற்கு, பதிவைத் துண்டுகளாக்கிச் சராசரி எடுக்கும் வெல்ச் முறை இருக்கிறது. 4 விநாடித் துண்டுகள் எடுத்தால் கால் ஹெர்ட்ஸ் துல்லியம் கிடைக்கும். அடிக்கோட்டின் மெதுவான அலைச்சலைப் பார்க்க 20 விநாடித் துண்டு வேண்டும்.

படத்தில் மூன்று பேரைத் தேடுங்கள். மூச்சாலும் உடல் அசைவாலும் வரும் அலைச்சல் 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே மேடாக நிற்கும். கரண்ட் இரைச்சல் 50-இலோ 60-இலோ ஊசிபோல நிற்கும். தசை இரைச்சல் 20 ஹெர்ட்ஸிலிருந்து மேலே புல்தரைபோலப் பரவியிருக்கும். இதயத்துடிப்பு அலையின் கூர்மையான பகுதியான கியூ.ஆர்.எஸ்.சின் ஆற்றலில் பெரும்பகுதி 5 முதல் 15 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. 1985-இல் பானும் டாம்ப்கின்ஸும் துடிப்பைக் கண்டுபிடிக்கத் தந்த பெயர்பெற்ற முறை ஏறத்தாழ இந்தப் பட்டையை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது.

எம்.ஐ.டி. பதிவுகளில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் எடுத்தது, ஆகவே கரண்ட் இரைச்சலை 60 ஹெர்ட்ஸில் தேடுவோம். சில பதிவுகளில் அது 30-இல் நிற்கும். காரணம் இதுதான்: நோயாளி அணிந்திருந்த டேப் ரெக்கார்டர் பேட்டரியில் ஓடியது, அதனால் பதிவின்போது கரண்ட் இரைச்சல் அவ்வளவாக ஏறவில்லை. பிற்பாடு டேப்பை ஓட்டிக் கணினிக்கு மாற்றும்போதுதான் அது ஏறியது. சில டேப்புகளை இரட்டிப்பு வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள். இரட்டை வேகத்தில் ஏறிய 60, உண்மை நேரக் கணக்கில் 30 ஆகிவிட்டது. பார்க்காமல் 60-இல் நாட்ச் போடுகிறவருக்கு இது பிடிபடாது. படத்தை முதலில் பார்க்கச் சொல்வது இதற்குத்தான்.

கேள்வி என்ன என்று முடிவெடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று மட்டும் தெரிய வேண்டுமா? 5 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை இரக்கமில்லாமல் வெட்டுங்கள், அலையின் உருவம் சிதைந்தாலும் கவலையில்லை. பி அலை (கியூ.ஆர்.எஸ்.சுக்கு முன்னால் வரும் சின்ன மேடு) இருக்கிறதா, தாளம் சரியா என்று பார்க்க வேண்டுமா? 0.5 முதல் 40 போதும். எஸ்.டி. பகுதி (கியூ.ஆர்.எஸ்.சுக்கும் அடுத்து வரும் டி அலைக்கும் நடுவே உள்ள கோடு) மேலே ஏறியிருக்கிறதா, கீழே இறங்கியிருக்கிறதா என்று அளக்கப் போகிறீர்களா? அப்படியானால் விளையாட்டு வேறு. இதய நோய் அறுதியிடும் ஈ.சி.ஜி.க்கு அமெரிக்க இதயச் சங்கம் முதலான அமைப்புகள் 2007-இல் சொன்ன பரிந்துரையில் கீழ் எல்லை 0.05 ஹெர்ட்ஸ், ஃபேஸ் சிதைவில்லாத (அலையின் பகுதிகளை நேரத்தில் முன்பின் நகர்த்தாத) டிஜிட்டல் வடிகட்டி என்றால் 0.67 வரை போகலாம். மேல் எல்லை பெரியவர்களுக்கு 150, குழந்தைகளுக்கு 250.

அடிக்கோட்டு அலைச்சல்

ஒருமுறை ஒரு மாணவர் தாம் பதிவு செய்த எல்லோருக்கும் எஸ்.டி. இறங்கியிருக்கிறது என்று பதறிப்போய் வந்தார். எல்லோரும் இருபது வயதுக்காரர்கள். நோய் அவர்களிடம் இல்லை, அவர் போட்ட 0.5 ஹெர்ட்ஸ் ஹை பாஸில் (எல்லைக்குக் கீழுள்ள அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டியில்) இருந்தது. இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு சின்னச் சோதனையில் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

முழுக்கப் பூஜ்யமாக ஒரு கோடு உருவாக்குங்கள். நடுவில் 100 மில்லி விநாடிக்கு மட்டும் 3 மில்லிவோல்ட் உயரத்தில் ஒரு செங்கல் வையுங்கள். ஈ.சி.ஜி. கருவிகளைச் சோதிக்கப் பயன்படுகிற செங்கல்தான் இது. முதல் வரிசை (வரிசை கூடக்கூட வெட்டு கூராகும்; இது மிக எளியது) ஹை பாஸ் ஒன்றை 0.5 ஹெர்ட்ஸில் வைத்து இதன் மேல் ஓட்டுங்கள். செங்கல்லின் மேல்தளம் சமமாக இருக்காது, சரிந்துகொண்டே வரும். செங்கல் முடிந்த இடத்தில் கோடு பூஜ்யத்துக்குத் திரும்பாமல் அதற்கும் கீழே, ஏறத்தாழ மைனஸ் 0.81 மில்லிவோல்ட்டுக்குப் போய் விழுந்து, பிறகு மெதுவாக மேலேறும். அந்தப் பள்ளம் மூலத்தில் கிடையாது. வடிகட்டி தோண்டியது. கியூ.ஆர்.எஸ்.சுக்குப் பின்னால் அப்படி ஒரு பள்ளம் விழுந்தால் அது சரியாக எஸ்.டி. பகுதியில் போய் உட்காரும். எஸ்.டி.யில் 0.1 மில்லிவோல்ட் மாற்றம்கூட மருத்துவர் கண்ணில் உறுத்தும் என்பதை நினைவில் வையுங்கள். இப்போது எல்லையை 0.05-க்கு இறக்கி மறுபடி ஓட்டுங்கள். பள்ளம் 0.09 ஆகச் சுருங்கிவிடும். 0.05 என்ற எண் வானத்திலிருந்து விழுந்ததில்லை என்று தெரிகிறதல்லவா?

ஆனால் 0.05-இல் அலைச்சல் போகாது; மூச்சின் அலைச்சலே நிமிடத்துக்கு 15 என்றால் 0.25 ஹெர்ட்ஸ். இங்கேதான் பதிவான தரவின் வசதி கைகொடுக்கிறது. பதிவு முழுவதும் நம் கையில் இருக்கிறது, எதிர்காலமும் தெரியும். ஆகவே வடிகட்டியை முன்னிருந்து பின்னாக ஒருமுறையும், விடையைத் திருப்பிப்போட்டு இன்னொருமுறையும் ஓட்டலாம். முதல் ஓட்டத்தில் ஏற்பட்ட நேர நகர்வை இரண்டாவது ஓட்டம் சமன் செய்துவிடும். சைபையில் இதற்கு ஃபில்ட்ஃபில்ட் என்று பெயர்.

அதே செங்கல்லை அதே 0.5-இல் இப்படி இருபுறமும் ஓட்டிப் பாருங்கள். பள்ளம் மறைந்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 0.40 இருக்கிறது. முன்பிருந்ததில் சரிபாதி, ஆனால் செங்கல்லுக்கு முன்னாலும் பின்னாலும். அப்படியானால் என்ன லாபம்? எஸ்.டி.யை மருத்துவர் கியூ.ஆர்.எஸ்.சுக்கு முன்னால் இருக்கும் பி.ஆர். பகுதியோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறார். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு இறங்கினால் வித்தியாசம் பெரிதாக மாறுவதில்லை. 0.67 வரை போகலாம் என்ற அனுமதி இப்படிப்பட்ட ஃபேஸ் சிதைவில்லாத வடிகட்டிக்கு மட்டும் கிடைத்ததற்கு இதுதான் அடிப்படை. நிஜத் துடிப்பு செங்கல்போலச் சமச்சீராக இருக்காது என்பதால் கொஞ்சம் பிசகு மிஞ்சும், அதையும் மறக்காதீர்கள்.

ஹை பாஸே வேண்டாம் என்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, எனக்கு இது பிடிக்கும். 200 மில்லி விநாடி அகலச் சன்னலில் இடைநிலை மதிப்பு எடுத்தால் கியூ.ஆர்.எஸ்.சும் பி அலையும் மறைந்துவிடும். அந்த விடையின் மேல் 600 மில்லி விநாடிச் சன்னலில் மறுபடி இடைநிலை எடுத்தால் டி அலையும் போய்விடும். மிஞ்சுவது அடிக்கோடு மட்டும். அதை மூலத்திலிருந்து கழியுங்கள். 360 ஹெர்ட்ஸில் சன்னல் அளவு 73, 217 என்று ஒற்றைப்படையில் வையுங்கள். இதன் குறை, அடிக்கோடு படிப்படியாக வெட்டுவெட்டாக வருவது. லேசாக ஒரு லோ பாஸ் (எல்லைக்கு மேலுள்ளதை வெட்டும் வடிகட்டி) போட்டு மழுக்கிவிட்டுக் கழிக்கலாம்.

கரண்ட் இரைச்சல்

சொந்தமாகப் பதிவு செய்கிறீர்கள் என்றால், வடிகட்டிக்கு முன்னால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். உடம்பில் மின்முனை ஒட்டியிருக்கும்போது எல்லாமே பேட்டரியில்தான் ஓட வேண்டும். இரைச்சலுக்காக மட்டுமில்லை, பாதுகாப்புக்காகவும். மூன்றாவது மின்முனை சரியாக ஒட்டியிருக்கிறதா, ஜெல் காய்ந்துவிட்டதா என்று பாருங்கள். பாதி இரைச்சல் இங்கேயே போய்விடும்.

மிச்சத்துக்கு நாட்ச். இந்தியாவிலும் இலங்கையிலும் 50 ஹெர்ட்ஸ். நாட்சின் கூர்மையைக் குறிக்கும் எண்ணை 30 என்று வைத்தால், வெட்டின் அகலம் 50-ஐ 30-ஆல் வகுத்தது, 1.67 ஹெர்ட்ஸ். மின்சார வாரியத்தின் 50 எப்போதும் கச்சிதமாக 50 இல்லை, கொஞ்சம் ஏறி இறங்கும். ஆகவே இதைவிடக் கூராக்க ஆசைப்படாதீர்கள். கூர்மைக்கு வேறொரு விலையும் உண்டு. கோயில் மணியை அடித்தால் நாக்கு நின்ற பிறகும் ஒலி ஓடுகிறதே, அதுபோல ஒவ்வொரு கியூ.ஆர்.எஸ்.சும் நாட்சை அடித்துவிட்டுப் போகும். அதன் பின்னால் 50 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய நடுக்கம் ஓடும். 30 என்ற கூர்மைக்கு அது மூன்றில் ஒரு பங்காகத் தேய ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். கூர்மையை 100 ஆக்கினால் 0.6 விநாடிக்கு மேல், டி அலையையும் தாண்டி. இருபுறமும் ஓட்டினால் இந்த நடுக்கம் துடிப்புக்கு முன்னாலும் தெரியும். ஊசியே இல்லாத பதிவில் நாட்ச் போடுகிறவர்கள் இல்லாத இரைச்சலை நீக்குவதாக நினைத்து, புதிதாக ஒன்றைச் சேர்த்துவிடுகிறார்கள்.

எளிமையிலும் எளிமையான ஒரு மாற்று, எம்.ஐ.டி. தரவுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. 360-ஐ 60-ஆல் வகுத்தால் சரியாக 6. ஆறு மாதிரிகளைக் கூட்டி ஆறால் வகுத்துப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் அலையின் ஆறு மாதிரிகள் 0, 0.87, 0.87, 0, மைனஸ் 0.87, மைனஸ் 0.87. கூட்டினால் பூஜ்யம். எங்கிருந்து தொடங்கினாலும் பூஜ்யம்தான். 120-உம் 180-உம் இலவசமாகப் போய்விடும். இந்தத் தரவுத்தொகுப்புக்கு 360 என்ற வேகத்தைத் தேர்ந்தெடுத்ததே 60 ஹெர்ட்ஸ் நாட்சை எளிதாக்கத்தான். ஆனால் கப்பியைப் பாருங்கள்: 15 ஹெர்ட்ஸில் 90 சதவீதம்தான் மிஞ்சுகிறது, 30 ஹெர்ட்ஸில் 64 சதவீதம். ஆர் முனை (கியூ.ஆர்.எஸ்.சின் உச்சி) குட்டையாகும். துடிப்பை எண்ண இது தாராளம். உயரத்தை அளக்க ஆகாது. நம்மூரில் பதிவு செய்தால் விநாடிக்கு 250, 500, 1000 என்று 50-ஆல் மீதியில்லாமல் வகுபடும் வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள். 250-க்கு ஐந்து மாதிரிச் சராசரி.

தசை இரைச்சல்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் அதிகம் செய்யவும் முடியாது. தசையின் ஆற்றலும் கியூ.ஆர்.எஸ்.சின் கூர்மையும் ஒரே அதிர்வெண்களில் குடியிருக்கின்றன. 40-இல் லோ பாஸ் போட்டால் படம் சாந்தமாகும். கூடவே ஆர் முனை தாழும், கியூ.ஆர்.எஸ்.சில் இருக்கும் நுண்ணிய பிளவுகளும் பேஸ்மேக்கரின் முள்ளும் காணாமல் போகலாம். உருவம் வேண்டுமென்றால் 100, 150 என்று விடுங்கள். எம்.ஐ.டி. பதிவுகள் முதலிலேயே 0.1 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் வடிகட்டப்பட்டவை, ஆகவே அவற்றில் 150 என்று போடுவதில் அர்த்தமில்லை. கை நடுங்கிய பகுதி, மின்முனை கழன்ற பகுதி, கருவியின் எல்லையை முட்டித் தட்டையான பகுதி ஆகியவற்றை எந்த வடிகட்டியாலும் மீட்க முடியாது. அங்கே நேரத்தைக் குறித்து, கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள்.

எந்த வடிகட்டி?

ஸ்டீஃபன் பட்டர்வொர்த் 1930-இல் தந்த வடிவமே தொடக்கத்துக்குப் போதும். கடத்த வேண்டிய பட்டையில் மேடுபள்ளம் இல்லாத வடிகட்டி. வரிசை 2 வையுங்கள். எட்டு, பத்து என்று ஏற்றினால் வெட்டு கூராகும், மணியோசை நீளும். இன்னொன்று: சைபையில் பேண்ட் பாஸுக்கு (இரண்டு எல்லைகளுக்கு நடுவே உள்ளதை மட்டும் விடும் வடிகட்டிக்கு) வரிசை 4 என்று கொடுத்தால் அது உண்மையில் 8, இருபுறமும் ஓட்டினால் 16. ஒரு ஓட்டத்தில் எல்லை அதிர்வெண் 71 சதவீத உயரத்தில் மிஞ்சும், இரண்டு ஓட்டத்தில் 50 சதவீதம். நீங்கள் 0.5 என்று எழுதியது அறிக்கையைப் படிக்கிறவருக்கு வேறாக அர்த்தமாகும்.

மாதிரிகளைக் கெழுக்களால் (எடை எண்களால்) பெருக்கிக் கூட்டும் எஃப்.ஐ.ஆர். வகைக்குத் தனி மரியாதை உண்டு, ஒரே ஓட்டத்திலேயே ஃபேஸ் சிதையாது. ஆனால் தாழ்ந்த அதிர்வெண்ணில் நீளம் எகிறிவிடும். 360 ஹெர்ட்ஸ் தரவில், ஹேமிங் சன்னலை (கெழுக்களை ஓரங்களில் தேய்க்கும் ஒரு வடிவத்தை) வைத்து, அரை ஹெர்ட்ஸ் இடைவெளிக்குள் வெட்டி முடிக்க ஏறத்தாழ 2,376 கெழுக்கள் வேண்டும். 6.6 விநாடி நீளம்! அரை மணி நேரப் பதிவுக்குப் பரவாயில்லை, பத்து விநாடித் துண்டுக்கு முடியாது.

ஓட்டும்போது நடக்கும் விபத்துகள்

ஒன்று, எண் வெடிப்பது. 0.5 ஹெர்ட்ஸ் என்பது 360-க்கு முன்னால் மிகச் சிறியது, வடிகட்டி நிலைகுலையும் விளிம்பை ஒட்டியே நிற்கும். வரிசையும் கூடினால் கெழுக்களின் கடைசித் தசமத்தில் ஏற்படும் வட்டமாக்கல் பிழைகூட விடையை ஆயிரக்கணக்கில் எகிற வைத்துவிடும். தீர்வு எளிது: கெழுக்களை ஒரே நீளக் கோவையாக வாங்காமல் இரண்டாம் வரிசைத் துண்டுகளாக வாங்குங்கள். சைபையில் அதற்கு எஸ்.ஓ.எஸ். என்று ஒரு தேர்வு உண்டு, ஓட்டுவதற்கு சாஸ்ஃபில்ட்ஃபில்ட். நான் இப்போதெல்லாம் வேறெதையும் தொடுவதில்லை.

இரண்டு, காணாமல் போன மாதிரி. கோப்பில் ‘எண் இல்லை’ என்று ஒரே ஒரு இடம் இருந்தாலும் போதும், பட்டர்வொர்த் அதை விழுங்கிவிட்டு அதற்கப்புறம் வரும் அத்தனையையும் ‘எண் இல்லை’ என்று கக்கும். திருப்பி ஓட்டினால் முன்னால் இருப்பதும் காலி. பாலில் விழுந்த ஒரு துளி மோர்தான். ஓரிரு மாதிரி என்றால் அக்கம்பக்கத்தை வைத்து நிரப்புங்கள். பெரிய இடைவெளி என்றால் பதிவை அங்கே இரண்டாக்கித் தனித்தனியாக ஓட்டுங்கள்.

மூன்று, ஓரங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் சில விநாடிகள் கோணலாக வரும். ஆகவே துண்டாக்கிவிட்டு வடிகட்டாதீர்கள். முழுப் பதிவையும் வடிகட்டிவிட்டுத் துண்டாக்குங்கள். முடியாதென்றால் இருபுறமும் பத்து விநாடி கூடுதலாக எடுத்து, ஓட்டிய பிறகு வெட்டிவிடுங்கள்.

நான்கு, வேகத்தைக் குறைப்பது. 250-இல் எடுத்த பதிவை 125 ஆக்க ஒன்றுவிட்டு ஒன்றாக மாதிரியைப் பொறுக்கினால் 100 ஹெர்ட்ஸில் இருந்த கரண்ட் இரைச்சலின் இரட்டிப்பு அலை 25 ஹெர்ட்ஸாக வேடமிட்டு வந்து உட்காரும். அதற்கப்புறம் அதைப் பிரிக்க யாராலும் முடியாது. முதலில் லோ பாஸ், பிறகுதான் பொறுக்கல்.

இன்னும் ஒன்று, இது விபத்தில்லை, தன்னையே ஏமாற்றிக்கொள்வது. கைக்கடிகாரத்தில் நேரலையில் ஓடப்போகும் நிரலை, இருபுறமும் ஓட்டிய தரவில் சோதித்துவிட்டு நன்றாக வருகிறது என்று சொல்லக் கூடாது. கடிகாரத்துக்கு எதிர்காலம் தெரியாது.

மற்ற சிக்னல்கள்

மேல்தோல் வழியே எடுக்கும் தசை மின்னலைக்கு 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை வழக்கம், ஆகவே விநாடிக்கு 1000 மாதிரியாவது வேண்டும். வடிகட்டிய பிறகு எதிர்ம மதிப்புகளை நேர்மமாக்கி, 6 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு லோ பாஸ் போட்டால் தசை இறுகித் தளரும் உருவம் கிடைக்கும். விரல் நுனி நாடிக்கு 0.5 முதல் 8. மூளை அலையில் ஆல்ஃபாவைத் தேடுகிறவர் 8 முதல் 13 வரை எடுப்பார். ஒலிக்கோ ஒளிக்கோ மூளை காட்டும் மெதுவான எதிர்வினையைத் தேடுகிறவர் ஹை பாஸை 0.1-க்கு மேலே ஏற்றத் தயங்க வேண்டும், செங்கல்லுக்கு நடந்தது அதற்கும் நடக்கும்.

கப்பியைப் பார்ப்பது

கழிக்கும்போது ஒரு நிபந்தனை. வடிகட்டி நேர நகர்வு இல்லாததாக இருக்க வேண்டும். ஒரே ஓட்டமாக ஓட்டியிருந்தால் இரண்டு பதிவுகளும் சில மாதிரி விலகி நிற்கும், கழித்தால் கப்பி முழுக்க இதயமாகத்தான் தெரியும்.

100-ஆம் பதிவில் நிபுணர்கள் குறித்த துடிப்புகள் 2,273. ஒவ்வொன்றின் ஆர் முனையையும் நடுவில் வைத்து, முன்னும் பின்னும் அரை விநாடிக் கப்பியை வெட்டியெடுங்கள். 2,273 துண்டுகளையும் அடுக்கிச் சராசரி எடுங்கள். இரைச்சல் துடிப்போடு சம்பந்தமில்லாதது, சராசரியில் கரைந்து ஏறத்தாழ நேர்கோடாகிவிடும். இதயத்திலிருந்து வெட்டியது மட்டும் கரையாமல் நிற்கும். 40 ஹெர்ட்ஸ் லோ பாஸுக்குப் பிறகு இதைச் செய்தால் நடுவில் ஒரு முள் நிற்பதைப் பார்ப்பீர்கள். அதன் உயரம் எத்தனை மில்லிவோல்ட் என்று படித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆர் முனை அவ்வளவு குறைந்திருக்கிறது.

வேண்டுமென்றே இரைச்சலைக் கலந்தும் சோதிக்கலாம். அடிக்கோட்டு அலைச்சல், தசை, மின்முனை அசைவு என்று மூன்று இரைச்சல்களைத் தனித்தனியாகப் பதிவு செய்த தொகுப்பும் ஃபிசியோநெட்டில் இருக்கிறது. சுத்தமான பகுதியோடு ஒன்றைக் கலந்து, வடிகட்டி, கலப்பதற்கு முன்பிருந்ததோடு ஒப்பிடுங்கள்.

மூலக் கோப்பின் மேல் எழுதிவிடாதீர்கள். வடிகட்டியது தனிப் பெயரில், அதோடு ஒரு சின்னக் குறிப்புக் கோப்பு. என்னுடையது ஒன்றை அப்படியே தருகிறேன்:

“பதிவு 100, முதல் தடம், 360 ஹெர்ட்ஸ், மில்லிவோல்ட். பட்டர்வொர்த் ஹை பாஸ், 0.5 ஹெர்ட்ஸ், வரிசை 2, எஸ்.ஓ.எஸ்., இருபுறமும் (எல்லையில் 50 சதவீதம்). நாட்ச் இல்லை, 60-இல் பெரிய ஊசி தெரியவில்லை. லோ பாஸ் இல்லை. முதல் 10 விநாடியும் கடைசி 10 விநாடியும் விலக்கம். துடிப்பு எண்ண மட்டும், எஸ்.டி. அளக்க வேண்டாம்.”